ஓலை, துண்டு, முன்பணம்: தருமபுரியில் நான்கு நாள்

முதல் நாள், செவ்வாய்

மன்னார்குடியில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறினேன். தஞ்சாவூரில் மாறி, திருச்சியில் மாறி, சேலத்தில் மாறி, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து தருமபுரியில் இறங்கும்போது பிற்பகல் மூன்று மணி. எங்கள் ஊர் மே மாத வெயிலில் ஒரு ஈரம் இருக்கும். இங்கே காய்ந்த வெயில். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கரடு, அதன் அடியில் நாலு புளியமரம்.

பேருந்து நிலையத்தில் பென்னாகரம் சார் காத்திருந்தார். இரண்டு வருடமாக வாட்ஸாப்பில் பேசியவரை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். "முதல்ல சாப்பிடுங்க டீச்சர், அப்புறம் பேசலாம்" என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். ராகிக் களி, கீரைக் கடைசல். அவர் அம்மா களியைக் கிள்ளி விழுங்கச் சொல்லிக்கொடுத்தார். மெல்லக்கூடாதாம்.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் பதினான்கு பேர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். பெரும்பாலும் வரலாறும் தமிழும் எடுப்பவர்கள், ஒருவர் மட்டும் கணக்கு. அடிமைமுறையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு பாடம் எழுதப் போகிறோம். விடுமுறையில் எங்கள் சொந்தச் செலவில். ஒரு திருமண மண்டபத்தின் மாடி அறையை நான்கு நாளுக்கு எடுத்திருக்கிறோம்.

இது தொடங்கியது ஒரு கேள்வியில். ஒவ்வொரு பிப்ரவரி 9ஆம் தேதியும் பள்ளியில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி வாசிக்கிறோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்கு 1976இல் ஒப்புதல் கிடைத்த நாள் அது. அப்படி ஒரு பிப்ரவரியில் என் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அடிமைங்க அமெரிக்காவுலதானே இருந்தாங்க? நாம ஏன் உறுதிமொழி எடுக்கிறோம்?"

அவன் மீது தவறில்லை. லிங்கனையும் பருத்தித் தோட்டத்தையும் சொல்லிவிட்டு அவனை நேராக உறுதிமொழிக்கு அழைத்துப் போனது நான்தான். நடுவில் இருக்கிற நம் ஊரைச் சொல்லவே இல்லை. என் அப்பாயி கீழத்தஞ்சையில் பண்ணையாள். பண்ணையாளுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் (கரைத்த சாணி) சவுக்கடியும் எங்கள் வீட்டில் பாடப்புத்தகச் செய்தி கிடையாது. அப்படிப்பட்ட நானே சொல்லவில்லை.

இரண்டாம் நாள், புதன்

காலையில் எல்லோரும் தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனோம். நடுகற்களைப் பார்க்கத்தான். தருமபுரியின் பழைய பெயரான தகடூர் நாடு அதியமானுக்கும் ஔவைக்கும் பேர்போனது போலவே நடுகல்லுக்கும் பேர்போனது. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்க நின்று செத்தவன் என்று வில்லும் வாளுமாக வரிசையாக நிற்கிறார்கள்.

தமிழய்யா ஒருவர் எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொன்னார். திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிற கல் அது. வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்திலேயே வெட்டியிருக்கிறது. கோத்தகிரி டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "நாய்க்குப் பேர் இருக்கு. அடிமைக்கு எந்தக் கல்லிலாவது பேர் இருக்காய்யா?"

இருக்கிறது. கோயில் சுவரில் இருக்கிறது. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு ஒன்றை நான் குறித்து வைத்திருந்தேன். மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201ஆம் ஆண்டு. பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்கிறது. ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொள்கிறார். வீரனின் பெயர் அவன் செய்த செயலுக்காகக் கல்லில் ஏறியது. இவர்களைச் சுவரில் ஏற்றியது ஒரு விற்பனை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளிடம் காட்டலாம் என்று அங்கேயே, வெயிலில் நின்றபடியே முடிவு செய்தோம்.

மதியத்துக்கு மேல் மண்டபத்து மாடி. பாடத்தை எங்கே தொடங்குவது என்பதில் பெரிய வாதம். பொன்னேரி சார், பழவேற்காட்டில் தொடங்கலாம் என்றார். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் ஆட்களை வாங்கி பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் சரக்கு கூடியது. நன்னம்பிக்கை முனை வரைக்கும் நம் கரையின் ஆட்கள் அடிமையாகப் போயிருக்கிறார்கள். அட்லாண்டிக் கடலில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். அந்தக் கணக்கோடு இந்தக் கரையையும் சேர்த்துக் காட்டினால்தான் கடல் ஒன்று என்று தெரியும் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான்.

ஆனால் தமிழய்யா பெரியபுராணத்துச் சுந்தரரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் (வேடத்தில் வந்த சிவன்தான்) ஓலையோடு வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை இது" என்கிறார். பிடுங்கிக் கிழித்துவிடுகிறார் சுந்தரர். கிழிந்தது படிதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையைப் படிக்கிறார்கள், பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். தானும் தன் வழிவழி வருகிறவர்களும் வழித்தொண்டு செய்வதாக எழுதியிருக்கிறது. வழக்கு கிழவர் பக்கம் போகிறது.

"பக்தியாவே நாம இதப் படிச்சிட்டோம். இப்ப வழக்காப் படிங்க" என்றார் அய்யா. படித்தோம். அந்த அவையில் மனிதனை மனிதன் ஓலையில் எழுதி வாங்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது உண்டா என்பதுதான் அவர்கள் வியப்பு. அப்படியானால் அடிமையாவது யாருக்கு இயல்பு என்று நினைத்திருந்தார்கள்? சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டில். படி, மூலம், கையெழுத்து ஒப்பீடு என்று இவ்வளவு பழகிய நடைமுறையாக அது இருந்திருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு தாளை ஒட்டினோம்: வர்ஜீனியா, 1662. குழந்தை தாயின் நிலையைப் பெறும், அடிமைத் தாயின் குழந்தை அடிமை என்று அங்கே சட்டமே போட்டார்கள். பாட்டன் எழுதினால் பேரன், தாய் எதுவோ அதுவே குழந்தை. இரண்டும் ஒன்றுதான் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் ஒத்துப் பார்க்கட்டும்.

சரி, ஒன்றைச் சொல்லாமல் இன்றைய குறிப்பை முடிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் வேறொரு பள்ளியில் இருந்தபோது அடிமைமுறையைப் பிள்ளைகளை நடிக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவன் எசமான், ஒருத்தி அடிமை, நாலு பேர் ஏலம் கேட்பவர்கள். வகுப்பே கலகலவென்று இருந்தது. நல்ல பாடம் நடத்திவிட்டதாக நினைத்தேன். அடிமையாக நடித்த பெண் அதற்குப் பிறகு ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா வாசலில் நின்று கேட்டார்: "அந்த வேசத்துக்கு ஏன் டீச்சர் எங்க புள்ளயப் பாத்து எடுத்தீங்க?"

நான் பார்த்து எடுக்கவில்லை, அவள்தான் கை தூக்கினாள் என்று அப்போது சொன்னேன். ஆனால் ஊரில் எந்தத் தெரு பிள்ளைக்கு அந்த வேடம் எப்படிப் படும் என்று தெரிந்திருக்க வேண்டியது என் வேலை. அந்தக் குழந்தைக்குச் செய்ததை என்னால் திருப்பி எடுக்க முடியாது. எங்கள் பாடத்தின் முதல் பக்கத்தில் இன்று எழுதிய முதல் வரி, யாரையும் அடிமையாகவோ எசமானாகவோ நடிக்க வைக்கக்கூடாது என்பது. பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மூன்றாம் நாள், வியாழன்

காலை கிருஷ்ணகிரிக்குப் பேருந்து, ஒரு மணி நேரம். வழியெல்லாம் மாந்தோப்பு. கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா காய்கள் லாரி லாரியாக. கிருஷ்ணகிரி சார் எங்களை அணையின் பக்கம் நிறுத்தி வெட்டிய செந்தூரா வாங்கிக் கொடுத்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததும் ஒரு பிப்ரவரி 9தான், 2004இல். "மாவட்டத்துக்குப் பொறந்தநாள், அதே நாள்ல உறுதிமொழி. எந்தப் பிள்ளையும் எங்கிட்ட ஏன்னு கேட்டதில்ல டீச்சர்."

இந்தப் பகுதிக்கு அப்போது பாராமகால் என்று பெயர். 1792இல் திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து, உழவனிடமே நேராக வரி வாங்குகிற ரயத்வாரி முறைக்கு அடி போட்டது இங்கேதான். பட்டாவில் உழவன் பெயர் ஏறியது என்று பாடத்தில் பெருமையாகச் சொல்வோம். அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்த ஆளின் பெயர் பட்டாவில் கிடையாது என்பதை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மரத்தடியில் உட்கார்ந்து 1843ஆம் வருடத்து ஐந்தாம் சட்டத்தைப் படித்தோம். தளி டீச்சர் அதை எளிய தமிழில் எழுதி வந்திருந்தார். நாலே பிரிவு. வரிப் பாக்கிக்காக எந்த அரசு அலுவலரும் ஒரு மனிதனை அடிமை என்று சொல்லி விற்கக்கூடாது என்கிறது முதல் பிரிவு. இதற்கு மேல் பாடம் நடத்த வேண்டியதே இல்லை, ஏன் இப்படி எழுத வேண்டி வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டால் போதும் என்றார் அவர். அடிமை என்கிற உரிமையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்கிறது இரண்டாவது. ஒருவரை அடிமை என்று சொல்லி அவர் சொத்தைப் பறிக்கக்கூடாது என்பது மூன்றாவது, சுதந்திரமான ஆளுக்குச் செய்தால் குற்றம் என்றால் அடிமைக்குச் செய்தாலும் குற்றம் என்பது நாலாவது. ஆனால் அடிமை வைத்திருப்பது குற்றம் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. மனிதனை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860இன் தண்டனைச் சட்டத்தில்தான்.

பிரிட்டன் 1833இல் போட்ட ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட நாடுகளை விட்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அதற்கு வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு கட்டி முடித்தது 2015இல். கணக்கு சார் இதைக் கேட்டு, "என் பத்தாங்கிளாஸ் பசங்க அப்ப பொறந்திருந்தாங்க" என்றார்.

கோத்தகிரி டீச்சரின் குடும்பம் சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போனது, தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிக்குத் திரும்பியது. அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவுக்குள் தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். "அப்ப நானும் உங்க ஊர்க்காரிதான்" என்று பென்னாகரம் சாரிடம் சொல்லிச் சிரித்தார். பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), லயம் (வரிசை வீடுகள்), தலைக்காசு (ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தரும் காசு) என்று அவர் பாட்டியின் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அப்புறம் துண்டு. ஒரு கங்காணியின் ஆட்கள் இத்தனை ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சிறு தாள். அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆட்களோடேயே போகும். 1921இல்தான் ஒழித்தார்கள்.

தோட்டத் தொழிலாளியை அடிமை என்று சொல்லலாமா என்று இங்கே சூடாகப் பேச்சு நடந்தது. சட்டப்படி அவர்கள் விற்கப்படவில்லை. அந்த வேறுபாட்டை மழுப்பினால் ஆப்பிரிக்கர்களுக்கு நடந்ததையும் சிறுமைப்படுத்துகிறோம், நம் ஆட்களுக்கு நடந்ததையும் தவறாகச் சொல்கிறோம் என்பது என் கருத்து. கோத்தகிரி டீச்சர் ஒத்துக்கொண்டார், ஆனால் அரை மனதாக. "பேர் என்ன வேணா வெச்சுக்குங்க. எங்க பாட்டி கையில அந்தத் துண்டு ஒருநாளும் வரலை. அத மட்டும் எழுதுங்க."

எழுதினோம்.

மாலையில் ஒரு பெரியவரைப் பார்த்தோம். ஊரையும் பெயரையும் சொல்லவில்லை, அவர் கேட்டுக்கொண்டது. கல் குவாரி ஒன்றில் குடும்பத்தோடு பல வருடம் கிடந்து, அதிகாரிகள் வந்து மீட்டவர். கல்யாணச் செலவுக்கு வாங்கிய முன்பணம். சந்தைக்கு ஒருவர் போனால் மற்றவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். கணக்கு நோட்டு குவாரிக்காரர் பெட்டியில். தன் விடுதலைச் சான்றை நெகிழியுறை போட்டு வைத்திருந்தார். எங்களிடம் காட்டிவிட்டு உடனே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் பாடம் எழுதுவதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். "அழுத கதையே சொல்லாதீங்க. நாங்க மூணு தரம் ஓடிப் பாத்தோம். ரெண்டு தரம் புடிச்சிட்டாங்க. அதச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் வரைவை அவர் முன்னாலேயே புரட்டினேன். பஞ்சம், விற்பனை, கப்பல், கடன். ஓடிப் பார்த்தவர்கள் அதில் எங்குமே இல்லை. எங்கள் அப்பாயி தலைமுறை நினைவுக்கு வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவ் காலத்தில் விவசாயச் சங்கம் சேர்ந்து, சவுக்கடி இனி இல்லை என்று எழுதி வாங்கிய பண்ணையாட்கள். 1952இல் தஞ்சைக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வைத்தவர்கள் அவர்கள். அவர்களைக்கூட நான் சேர்க்க மறந்திருந்தேன். இரவு உட்கார்ந்து பாதிப் பாடத்தைத் திருத்தினோம்.

நான்காம் நாள், வெள்ளி

பாடத்தை இன்று நடத்திப் பார்த்தோம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து ஊர், சமுதாயக்கூடம், இருபது பிள்ளைகள் இருக்கலாம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளும் இருந்தார்கள். கொத்தடிமை என்ற சொல்லை எழுதியதும் ஒரு பையன், "எங்க தாத்தா ஜீதம்னு சொல்வாரு" என்றான். பலகையில் அதையும் பக்கத்திலேயே எழுதினார் தளி டீச்சர்.

கணக்கு சாரின் பகுதிதான் பிள்ளைகளைப் பிடித்துப் போட்டது. முன்பணம் 20,000 ரூபாய். வாரம் 200 கழிக்கிறார்கள். எத்தனை வாரத்தில் முடியும்? நூறு வாரம் என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். சரி, அந்த நூறு வாரத்துக்குள் ஒரு காய்ச்சல், ஒரு சாவு, ஒரு காதுகுத்து, ஒரு மழைக்காலம், ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் வாங்குகிறார்கள். நூறாவது வாரம் பாக்கி எவ்வளவு? பென்சில்கள் ஓடின. ஒரு சின்னப் பெண் மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டு நம்பாமல் கேட்டாள்: "இருபதாயிரமா? சார், வட்டியே போடலையே?"

"வட்டி போடவே இல்லம்மா" என்றார் சார்.

1976 சட்டம் அந்தக் கடனை அடியோடு இல்லாமல் ஆக்கிவிட்டது, இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவர்தான் என்று சொன்னோம். குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்காமல் வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொன்னோம். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"எங்க அக்கா நூல் மில்லுல இருக்கு. மூணு வருசம் முடிஞ்சா மொத்தமா பணம் தருவாங்க, கல்யாணத்துக்கு. நடுவுல வந்தா கிடையாதாம். அது இதுல வருமா டீச்சர்?"

நாங்கள் எழுதிய இருபத்திரண்டு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. வரும் என்றால் அவள் அக்காவை வகுப்பு முன்னால் அடிமை என்று சொன்னதாகிவிடும். வராது என்றால் பொய்யாக இருக்கலாம். தளி டீச்சர் நிதானமாக அவள் பக்கத்தில் போய் நின்று, எல்லோரையும் பார்த்துக் கேள்வியாகவே கேட்டார். நினைத்தபோது வீட்டுக்கு வர முடியுமா? போன் யார் கையில்? சம்பளக் கணக்கு யாரிடம்? எழுதின தாள் யாரிடம்? நாலையும் பலகையில் எழுதினார். "உங்க அக்கா போன்ல பேசும்போது கேட்டுப் பாரு. கேட்டுட்டு எங்ககிட்ட மட்டும் சொல்லு, போதும்."

வகுப்பு முடிந்து நானும் கிருஷ்ணகிரி சாரும் அவள் வீட்டுக்குப் போனோம். அம்மா கடலைச் செடி உதறிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பதினேழு வயது. ஆள் சேர்க்கிறவர் வீட்டுக்கே வந்து அழைத்துப் போயிருக்கிறார். தாள் ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"கைநாட்டு வாங்குனாங்க. தாள அவங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

படிகூட இல்லை. கிழித்துப் போடுவதற்குச் சுந்தரர் கையில் ஒரு படியாவது இருந்தது.

இதைச் சேலம் பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை கிருஷ்ணகிரி சார் அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு, கொத்தடிமைப் புகார்களை விசாரிக்கிற கோட்டாட்சியர் அலுவலகம் போகிறார். பிள்ளைகள் பலகையிலிருந்து எழுதிக்கொண்ட நாலு கேள்வியும் பாடத்தில் சேர்ந்துவிட்டன. கடைசிப் பக்கத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறோம். அவர் போய் வந்து சொன்ன பிறகு எழுதுவோம்.